துண்டால் முகம் துடைத்த புல்லாங்குழல்காரர்

2007ஆம் ஆண்டு வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள் இரவு, தேரடியில் பந்தல் போட்டு ஒரு மெல்லிசைக் குழுவின் கச்சேரி வைத்திருந்தார்கள். பாட இருவர், கீபோர்டுக்கு ஒருவர், தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் இருவர், புல்லாங்குழலுக்கு ஒருவர் என்று மேடையில் ஆறு பேர். ஒலிபெருக்கிக்கு நேராக உட்கார அஞ்சி நான் மேடையின் பக்கவாட்டில், சாமான் ஏற்றி வந்த வேனை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். எழுபதுகளின் திரைப்பாட்டு ஒன்றைப் பாடினார்கள். முதல் சரணத்துக்கு முன்னால் வரும் நீண்ட குழலிசையின்போது, அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. அந்தக் குழலிசையின் நட்டநடுவில் புல்லாங்குழல்காரர் குழலை உதட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் நெற்றியையும் கழுத்தையும் நிதானமாகத் துடைத்தார். குழலிசை நிற்கவில்லை. துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, குழலை எடுத்து, பாட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, விரல்களை மீண்டும் அசைக்கத் தொடங்கினார்.

அந்த நொடியிலிருந்து எனக்குக் கச்சேரி கசந்துபோனது. பக்கத்தில் நின்ற உறவினரிடம், "மாமா, அவர் ஊதவே இல்லை, எல்லாம் ஏற்கெனவே பதிந்து வைத்தது" என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாட்டு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் உனக்கு என்ன?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்பு என் காதில் விழுந்த ஒலிக்கும் அதற்குப் பின் விழுந்த ஒலிக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை. காற்றில் எதுவும் மாறாதபோது என் இன்பம் மட்டும் ஏன் வடிந்துபோக வேண்டும்? இது இசையைப் பற்றிய கேள்வியா, அல்லது ஏமாற்றப்பட்டோமே என்ற என் சொந்த ரோஷத்தைப் பற்றிய கேள்வியா? அன்றைக்கு அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதே கேள்வி அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னமே வேறொரு வழியாக என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

லண்டனில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் 2006இல் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு குறுந்தகடு கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதிய பன்னிரண்டு பியானோ எட்யூடுகள், அதாவது விரல் பயிற்சியாகப் பிறந்து கச்சேரி உருப்படிகளாக வளர்ந்தவை, அதில் இருந்தன. பியானோவுக்கு எழுதப்பட்டவற்றிலேயே விரல்களை மிகவும் வருத்தும் உருப்படிகளின் வரிசையில் அவற்றை வைப்பார்கள். வாசித்தவர் பெயர் ஜாய்ஸ் ஹாட்டோ. நண்பர் தகட்டோடு சேர்த்து அந்த அம்மையாரின் கதையையும் சொன்னார். 1928இல் பிறந்தவர், புற்றுநோய் கண்டு, 1976க்குப் பிறகு மேடை ஏறுவதையே நிறுத்திவிட்டவர், ஆனால் முதுமையில், நோயோடு போராடியபடியே, கணவர் வில்லியம் பேரிங்டன் கூப் நடத்திய கான்சர்ட் ஆர்ட்டிஸ்ட் என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளைப் பதிந்து தள்ளியவர். மோட்ஸார்ட், பேட்டோவன், ஷோபான், ரஹ்மானினோவ் என்று ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் முடிக்க முடியாத அளவுக்கு அந்தப் பட்டியல் நீண்டது. 2006 ஜூன் மாதம் அவர் இறந்தபோது, பிரிட்டன் தந்த மிகச் சிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவர் என்ற தொனியில் அங்குள்ள பத்திரிகைகள் இரங்கல் எழுதின.

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் எனக்குப் பெரிய பயிற்சி கிடையாது. சிறுவயதில் சில ஆண்டுகள் மிருதங்கம் கற்றுக்கொண்டதால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு எதற்குள்ளும் நுழைந்துவிடலாம் என்ற அசட்டுத் துணிச்சல் மட்டும் உண்டு. இருந்தாலும் அந்தத் தகட்டை எத்தனை இரவுகள் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான்காம் எட்யூடில் இரண்டு கைகளும் குதிரைக் குளம்படி போல ஓடிவரும் இடத்தில், வலியோடு பியானோ முன் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான பெண்மணியின் முதுகு ஒவ்வொரு முறையும் என் கண்ணுக்குத் தெரிந்தது. கண் கலங்கியதும் உண்டு என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

2007 பிப்ரவரியில் அந்த முதுகு காணாமல் போயிற்று. கிராமஃபோன் என்னும் பிரிட்டிஷ் இசை இதழின் வாசகர் ஒருவர் இதே லிஸ்ட் தகட்டைத் தம் கணினியில் போட்டபோது, ஐடியூன்ஸ் மென்பொருள் வாசிப்பவர் பெயராக லாஸ்லோ சைமன் என்று காட்டியது. தகட்டிலுள்ள பாட்டுகளின் நீளத்தை வைத்து அது இன்ன தகடு என்று பொதுத் தரவுத்தளத்தில் தேடி எடுக்கும் எளிய ஏற்பாடுதான் அது. பெயரையும் புகழையும் நோய்க்கதையையும் பார்க்கத் தெரியாத ஏற்பாடு. சைமன் ஹங்கேரியில் பிறந்த பியானோ கலைஞர். பிஸ் என்னும் ஸ்வீடன் நிறுவனத்துக்காக இதே எட்யூடுகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாசித்துப் பதிந்தவர். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒருவர் இரண்டு தகடுகளின் ஒலி அலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, பெரும்பாலான எட்யூடுகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் பொருந்தின. அதன்பின் நூல் பிடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தது. ஷோபானின் மஸூர்காக்கள் என்னும் நடன உருப்படிகளை வாசித்தவர் யூஜீன் இந்ஜிச். பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ரஹ்மானினோவ் கான்சர்ட்டோவை வாசித்தவர் யெஃபிம் ப்ரான்ஃப்மன். அதற்கு இசைக்குழுவை நடத்தியவராக அச்சிடப்பட்டிருந்த ரெனே கோலர் என்பவர் இந்தப் பூமியில் பிறக்கவே இல்லை. ஆனால் அவருக்கும் போர்க்காலத்துத் துன்பங்கள் நிறைந்த வாழ்க்கை வரலாறு ஒன்று தயார் செய்யப்பட்டிருந்தது. சில தகடுகளில் அடையாளம் தெரியாமல் இருக்க வாசிப்பின் வேகத்தைக் கணினியால் கூட்டியும் குறைத்தும் இருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் கணவர் பிஸ் நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். மனைவி வாசிக்கும்போது வலி தாங்காமல் முனகியது பதிவில் விழுந்ததாகவும், அந்த இடங்களை மறைக்க மற்றவர்களின் வாசிப்பிலிருந்து சிறு சிறு துண்டுகளை எடுத்து ஒட்டத் தொடங்கியதாகவும், ஒட்டு நாளடைவில் நீண்டுகொண்டே போனதாகவும் அவர் சொன்ன விளக்கத்தை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. முழுத் தகடுகளாகவே எடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் ஒட்டு என்ற சொல் பொருந்தவில்லை. பிஸ் நிறுவனம் வழக்குத் தொடுக்கவில்லை.

இனி நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்த பகுதி. என்னிடம் இருந்த தகட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. 'இசை என்பது ஒலி மட்டுமே, மற்றதெல்லாம் வம்பளப்பு' என்று வாதிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு இந்தச் சம்பவம் ஓர் ஆயுதமாகவே கிடைத்துவிட்டது. ப்ரான்ஃப்மனின் ரஹ்மானினோவ் வெளிவந்தபோது அதில் குறை கண்ட ஒரு விமர்சகர், அதே ஒலிப்பதிவு ஹாட்டோவின் பெயரில் மறுபிறவி எடுத்து வந்தபோது அதை ஆகச் சிறந்தவற்றின் வரிசையில் வைத்துப் புகழ்ந்திருந்தார் என்பதை எடுத்துக்காட்டி, "பார், கதைதான் உங்கள் காதை ஆட்டி வைக்கிறது, கதையைக் கழித்துவிட்டுக் கேட்கப் பழகு" என்றார்கள். அந்த விமர்சகரை நான் கேலி செய்ய மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு மடங்கு புகழ்ந்திருப்பேன். அவர் காது கெட்டுப்போய்விட்டது என்பதற்கு அது சான்றாகாது. வாசிப்பது யார், எந்த நிலையில் வாசிக்கிறார், எதை எதிர்த்து வாசிக்கிறார் என்பதெல்லாம் வாசிப்புக்குள்ளேயே இருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று. ஆதலால்தான் அவை உண்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. கதை இல்லாமல் கேட்க முடியும் என்றால் பொய்க்கதையால் கெடுதல் ஒன்றும் இல்லை. முடியாது என்பதால்தான் கெடுதல்.

அகில இந்திய வானொலியில் கலைஞர்களுக்குத் தரம் வழங்கும்போது, வாசிப்பவர் யாரென்று தேர்வாளருக்குத் தெரியாதபடி ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிடும் முறை உண்டு. சிபாரிசையும் குலப்பெருமையையும் வெளியே நிறுத்த அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அது மதிப்பெண் போடுவதற்கான வழி. ஒருவர் பாடுவதைக் கேட்டு மகிழ்வது வேறு காரியம். அங்கே நான் ஒலியின் தரத்தை அளப்பவன் அல்லன், ஒரு மனிதர் செய்கிற செயலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன். அந்தச் செயலைச் செய்தவர் அவர் இல்லை என்றால், நான் எதிரே உட்கார்ந்திருந்தது எதற்கு?

இந்த இடத்தில் என் வாதத்தை நானே சற்று இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது; ஏனென்றால் எல்லாப் பொய்யும் இப்படிக் கசப்பதில்லை. வியன்னாவில் பிறந்த வயலின் மேதை ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லர் பல ஆண்டுகளாகத் தம் கச்சேரிகளில் புன்யானி, கூப்பரன், விவால்டி போன்ற பழைய ஆசிரியர்களின் அரிய உருப்படிகள் என்று சொல்லிச் சிலவற்றை வாசித்துவந்தார். பழைய மடாலயம் ஒன்றில் கிடைத்த கையெழுத்துப் படிகளிலிருந்து எடுத்ததாகக்கூடச் சொன்னார். 1935இல், நியூயார்க் டைம்ஸின் இசை விமர்சகர் ஓலின் டௌன்ஸ் மூலப் படியைப் பற்றி நேராகக் கேட்டதும், எல்லாம் தாமே இயற்றியவை என்று க்ரைஸ்லர் ஒப்புக்கொண்டார். இளம் வயதில் நிகழ்ச்சி நிரலில் தம் பெயரையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, சக வித்வான்களும் போட்டியாளன் ஒருவனின் உருப்படியைத் தொட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். லண்டனில் இசை விமர்சகர் எர்னெஸ்ட் நியூமன் கடுமையாகத் தாக்கி எழுதினார். க்ரைஸ்லரோ, பெயர் மாறினாலும் மதிப்பு அப்படியே இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டார். இன்றைக்கும் வயலின் பயிலும் பிள்ளைகள் அவற்றுள் ஒன்றான 'பிரிலூடியம் அண்டு அலெக்ரோ'வை வாசிக்கிறார்கள், கேட்பவர்கள் மகிழ்கிறார்கள், யாருக்கும் கசப்பு இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு கிட்டத்துச் சொந்தம் இருக்கிறது. 'பாவயாமி ரகுராமம்' என்னும் உருப்படி, ராமாயணத்தின் ஆறு காண்டங்களையும் சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்தியமாவதி என்று ராகமாலிகையாகச் சொல்லிக்கொண்டு போவது, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் மெட்டு என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், அவருடையது, அது முதலில் சாவேரியில் இருந்தது, ராகமாலிகை ஆக்கியவர் இருபதாம் நூற்றாண்டுப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர். 1980களில் வீணை எஸ். பாலச்சந்தர், சுவாதித் திருநாளின் பெயரில் வழங்குவன பலவும் இருபதாம் நூற்றாண்டில் மெட்டமைக்கப்பட்டவை, அம்மன்னரைச் சொல்லும் மெட்டும் தாமே படைத்த வாக்கேயக்காரர் என்பதே தவறு என்று பெரும் போராட்டமே நடத்தினார். அவர் சொன்னதில் பாதி சரி, மீதி மிகை என்பது என் எண்ணம். அது எப்படியாயினும், செம்மங்குடியின் கைவண்ணம் என்று தெரிந்தபின் முகாரியில் 'கனக ம்ருக' என்று தொடங்கும் இடம் எனக்குக் குறைந்துவிடவில்லை, சொல்லப்போனால் கூடிற்று.

க்ரைஸ்லரை மன்னித்த என்னால் ஹாட்டோவின் தகட்டை ஏன் மன்னிக்க முடியவில்லை என்று எனக்கு நானே பலநாள் கேட்டுக்கொண்டேன். இயற்றப்பட்ட உருப்படி, இயற்றியவரை விட்டுப் பிரிந்து தானாக நிற்கக்கூடிய பொருள். தச்சன் பெயர் தெரியாவிட்டாலும் நாற்காலியில் உட்காரலாம். வாசிப்பு அப்படிப்பட்ட பொருள் அல்ல. அது நடையைப் போல, நீச்சலைப் போல, செய்கிறவரை விட்டுப் பிரியாதது. இன்னொன்றும் உண்டு: க்ரைஸ்லர் தம் உழைப்பைச் செத்துப்போனவர்களுக்குத் தானமாகக் கொடுத்தார், பேரிங்டன் கூப் உயிரோடு இருந்த சைமனின் உழைப்பை எடுத்துத் தம் மனைவிக்குச் சூட்டினார். ஒன்று கொடுத்த பொய், மற்றது எடுத்த பொய்.

ஆனால் பெயர் மாறாட்டமே கசப்பென்றால் தமிழ்த் திரையிசை முழுவதுமே கசக்க வேண்டுமே என்று யாரேனும் கேட்கலாம். எம். கே. தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நடித்த படங்களில் அவர்களே பாடினார்கள். பாடத் தெரிவதுதான் நடிக்க வருவதற்கான முதல் தகுதியாக இருந்தது. 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் நடித்தவருக்காக வேறொருவர் பாடியது தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. முதலில் இதை 'இரவல் குரல்' என்று முகம் சுளித்தே குறிப்பிட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று? டி. எம். சௌந்தரராஜன் ஒருவரே எம். ஜி. ஆருக்கு ஒரு மாதிரியும் சிவாஜிக்கு வேறு மாதிரியும் குரலை அமைத்துக்கொண்டு பாட, இரண்டு பேருடைய ரசிகர்களும் தங்கள் தலைவரே பாடுவதாக மனதாரக் கேட்டார்கள். அதே வேளையில் பாடுவது டி. எம். எஸ். என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே யாரும் ஏமாறவில்லை, ஏனென்றால் எழுத்தில் பெயர் போட்டு ஊரறியச் செய்த ஏற்பாடு இது. கூத்தில் அட்டைக் கிரீடம் வைத்தவனை ராஜா என்று ஒப்புக்கொள்வதைப் போன்றது.

பெயர் போடாத காலமும் இருந்தது. 1949இல் வந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்குக் கிராமஃபோன் தட்டில் பாடியவர் பெயராக அச்சிடப்பட்டது 'காமினி'. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். யார் இந்தக் குரல் என்று கேட்டு வானொலிக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பிறகே அவர் பெயர் வெளிவந்தது. குரல் இனிமையாகத்தானே இருந்தது, பாத்திரத்தின் பெயரோடு விட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் நினைக்கவில்லை பாருங்கள். இனிமையாக இருந்ததனாலேயே அது யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களால் இருக்க முடியவில்லை.

மேலைநாட்டில் மில்லி வனிலி என்ற இருவர் குழுவுக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். ராப் பிலேட்டஸ், ஃபேப் மோர்வன் என்னும் இரண்டு அழகான இளைஞர்கள் மேடையில் ஆடி உதடசைத்தார்கள். தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியன் பதிவறையில் வேறு ஆட்களைப் பாட வைத்தார். 1990 பிப்ரவரியில் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உண்மை வெளிவந்து விருது பறிக்கப்பட்டது. சென்னையில் ஓர் இசையமைப்பாளர் நாள்தோறும் வெளிப்படையாகச் செய்கிற வேலையை அங்கே ஒளித்துச் செய்ததற்காகத் தூக்கி எறியப்பட்டார்கள். பிறகு, உண்மையாகப் பாடியவர்களை அவர்களுடைய முகத்தோடும் பெயரோடும் வைத்து ஒரு தட்டு வெளியிட்டுப் பார்த்தார்கள். பழைய வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. என்னை உறுத்துவது அதுதான். சைமனின் தகடும் அவர் பெயரோடு கடைகளில் பல ஆண்டுகள் கிடந்தபோது யாரும் கண்கலங்கவில்லை. நேர்மை என்றால் கலைஞருக்கு மட்டும் வேண்டியது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்பவனிடத்தில் அது இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

கர்நாடக சங்கீதத்தில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமாக வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய சபாவில், முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து ஒரு கச்சேரி கேட்டேன். பாடகர், மேடையிலேயே கற்பனையாக ஸ்வரங்களை அடுக்கும் கற்பனாஸ்வரத்தை வளர்த்துக்கொண்டே போய், ஐந்து, ஏழு, ஒன்பது என்று விரியும் ஒரு கோர்வையை, அதாவது கணக்காகக் கோத்த முடிப்பை, மூன்று முறை பாடி, தாளத்தின் தொடக்கமான சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளித் தொடங்கும் பல்லவியின் எடுப்பில் அட்சர சுத்தமாகக் கொண்டுவந்து வைத்தார். வயலின்காரர் வியப்போடு தலையசைத்தார், மிருதங்க வித்வான் சிரித்தார், நான் தொடையில் அடித்துக்கொண்டேன். வெளியே வந்தபோது அதே குருவிடம் பயிலும் ஒரு பெண், "அந்தக் கோர்வை எங்க எல்லாருக்குமே பாடம் சார், நோட்டுல எழுதி வச்சிருக்கோம்" என்றாள். அப்படியானால் பக்கவாத்தியக்காரர்களின் வியப்பும் பாடம்தானா?

யோசித்துப் பார்த்தால் பாடகர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோர்வைகளை வீட்டில் கணக்குப் போட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு வருவது வழக்கம்தான். அதை அந்த நொடியில் உதித்ததாக அவர் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குச் சற்று முன்பு, ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் நடந்த வேறொன்று எனக்கு நினைவிருக்கிறது. மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதி சற்றுப் பிசகி வேறொரு ஸ்வரத்தில் நின்றுவிட்டது. பாடகர் ஒரு கணம் அங்கேயே நின்று, அந்தப் பிசகையே மறுபடி வேண்டுமென்று பிடித்து, அதிலிருந்து ஒரு புதிய வழி கண்டு இறங்கினார். வயலின்காரருக்கு அது எதிர்பாராதது என்பது வில் தயங்கியதிலேயே தெரிந்தது. கோர்வைக்குக் கைதட்டிய நான் இதற்குத் தட்டவில்லை. வீட்டுக்கு வந்தபின் மனதில் தங்கியது இது மட்டுமே.

கலைஞரின் நேர்மை என்றால் மக்கள் ரசனைக்கு வளைந்து கொடுக்காமல் இருப்பது என்று சிலர் பொருள் கொள்வார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையை வகுத்தபோது, விறுவிறுப்பாக ஒரு வர்ணம், அளவான ஆலாபனைகள், நிறைய கீர்த்தனைகள், கடைசியில் துக்கடாக்கள் என்று கேட்பவர்களின் பொறுமையைக் கணக்கில் வைத்தே வகுத்தார். அதனால் அவர் சங்கீதத்தில் பொய் நுழைந்துவிட்டதா? விலைக்கு எழுதுவதும் கூட்டத்துக்குப் பாடுவதும் பொய்யாகாது.

இப்போது குரலையே வார்த்து எடுக்கும் காலம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலிக்கச் செய்தார் ஏ. ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்துச் செய்ததாக வெளிப்படையாகவே அறிவித்தார். ஏறத்தாழ அதே சமயத்தில், எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் குரலைத் தங்கள் அனுமதியில்லாமல் இப்படிப் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படத்தின்மேல் அவருடைய குடும்பத்தார் சட்ட அறிவிப்பு அனுப்பினார்கள். முன்னதில் ஒளிவு மறைவு இல்லை, ஆகவே என் கணக்குப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆயினும் சாகுல் ஹமீதின் குரல் வந்த இடத்தில், எனக்குத் தெரிந்த அந்தக் கரகரப்பு அப்படியே இருந்தும், அவர் மூச்சு வாங்குவதற்காக நான் காத்திருந்தேன். அந்த மூச்சு யாருடையது என்று புரியவில்லை. அனுமதி பெற்றால் குற்றம் இல்லாமல் போகும், ஆள் வந்துவிடுவதில்லை. இதை இன்னும் முழுதாக யோசித்து முடிக்கவில்லை.

ஹாட்டோவின் தகட்டைச் சில மாதங்கள் தொடவே இல்லை. பிறகு ஒருநாள், அட்டையில் இருந்த பெயரை நீலப் பேனாவால் அடித்துவிட்டு அதன்மேல் 'லாஸ்லோ சைமன்' என்று எழுதி, மறுபடி போட்டுக் கேட்டேன். நான்காம் எட்யூடில் குதிரைகள் அதே வேகத்தில்தான் வந்தன. வயதான பெண்மணியின் முதுகு தெரியவில்லை. வேறு யாரோ ஒருவர், திடமான தோள்களோடு, யாரும் தம்மைப் பற்றிக் கதை சொல்லாத நிலையிலும் அவ்வளவு சிரத்தையோடு, வாசித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கவில்லை. ஆனால் முன்பு நான் கவனிக்காமல் விட்ட இடங்கள் பல கேட்டன. குறிப்பாக, வேகமெல்லாம் அடங்கிய பதினொன்றாம் எட்யூடில் மணியோசை போல இடக்கை தனியே நிற்கும் இடம்.

திருவிழா இரவுக்கு வருகிறேன். கச்சேரி முடிந்து சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, புல்லாங்குழல்காரர் வேனின் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தயங்கித்தான் அருகே போனேன். குழலை எடுத்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்ததைப் பார்த்தேன் என்று சொன்னதும், அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "ஆறு பேருன்னு ரேட்டு பேசியிருக்கு சார், அதனால ஆறு பேரு மேடையில இருக்கணும். நெசமா ஊதினா கீபோர்டு சுருதியோட ஒட்டலைன்னு சொல்றாங்க, மைக்கையே ஆன் பண்ண மாட்டாங்க" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். மூன்று வருடமாகிறது என்றார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உறைக்குள் போட்டிருந்த குழலை உருவி, அந்தக் குழலிசையின் முதல் இரண்டு வரியை, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் ஊதிக் காட்டினார். பிறகு உறைக்குள் செருகிக்கொண்டே, "எந்த எடத்துல சார் நான் குழலை எடுத்தேன்? சரணத்துக்கு முன்னாடியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு முறை எந்த இடம் என்று சரியாகச் சொல்லச் சொன்னார்.